மாயன், மயன், நான்: யுகடான் பயணக் குறிப்புகள்

ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி ஒரு கட்டுரை எழுதியிருந்தேன். சிலப்பதிகாரத்தில் வரும் தெய்வத் தச்சன் மயன், மகாபாரதத்தில் பாண்டவர்களுக்கு சபா மண்டபம் கட்டிக் கொடுத்த மயன், மெக்சிகோவில் படிக்கட்டுப் பிரமிடு கட்டிய மாயன். மூன்றும் ஒன்றாக இருக்குமோ என்று கேட்டு, நாலைந்து ஆச்சரியக்குறி போட்டு முடித்திருந்தேன். நான் எழுதியதிலேயே அதிகம் பேர் படித்தது அதுதான். வாட்ஸப்பில் என் பெயர் இல்லாமல் எனக்கே திரும்பி வந்ததும் அதுதான்.

சென்ற பிப்ரவரியில் அந்தப் பிரமிடுகளை நேரில் பார்த்துவிட்டு வந்தேன். இது அந்தப் பழைய கட்டுரைக்கு ஒரு திருத்தம். கொஞ்சம் நீளமான திருத்தம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டாலஸில் வேலை செய்கிற எனக்கு மெக்சிகோ பக்கத்து வீடு மாதிரி. ஆனாலும் தனியாகக் காரை எடுத்துக்கொண்டு சுற்ற தைரியம் இல்லை, ஸ்பானிஷும் தெரியாது. அதனால் நானும் மனைவியும் வழிகாட்டியோடு போகும் ஒரு சின்னக் குழுவில் சேர்ந்துகொண்டோம். மொத்தம் பன்னிரண்டு பேர், ஒரு வேன், எட்டு நாள். முன்கூட்டியே அனுப்பிய பயணத் திட்டத்தில் இரண்டு நிறம். பச்சை என்றால் மாயா இடிபாடுகள்: உஷ்மால், சிச்சென் இட்சா. ஆரஞ்சு என்றால் ஸ்பானியர் கட்டிய காலனிய நகரங்கள்: மெரிடா, இசமால், வயாதோலித். ஒரு நாள் பச்சை, ஒரு நாள் ஆரஞ்சு என்று மாற்றி மாற்றிப் போட்டிருந்தார்கள். இடிபாடு வேறு, நகரம் வேறு என்றுதான் நானும் நினைத்துக்கொண்டு போனேன்.

முதல் நாளே அந்த நிறப் பிரிவினை குழம்ப ஆரம்பித்தது.

தோ என்ற ஊர்

மெரிடாவின் நடுச் சதுக்கத்தில் நின்றால் எதிரே பெரிய தேவாலயம். 1562-ல் தொடங்கி 1598-ல் கட்டி முடித்தது. அமெரிக்கப் பெருநிலத்தின் மிகப் பழைய தேவாலயங்களில் ஒன்று. எங்கள் வழிகாட்டி எங்களை உள்ளே கூட்டிப் போகவில்லை. முதலில் வெளிச்சுவரைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். சுண்ணாம்புக் கல். "இது எங்கேருந்து வந்திருக்கும்னு நினைக்கிறீங்க?" என்று கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. காலால் தரையைத் தட்டிக் காட்டினார். "இங்கேருந்துதான்."

மெரிடா 1542 ஜனவரி 6 அன்று, இளைய பிரான்சிஸ்கோ தெ மொன்தேகோ நிறுவிய நகரம். ஆனால் காலி மனையில் நிறுவவில்லை. அங்கே 'தோ' என்று ஒரு மாயா ஊர் இருந்தது. உயரமான மேடைகளும் அவற்றின் மேல் பழைய கற்கட்டடங்களும் இருந்தன. அவற்றைப் பார்த்த ஸ்பானியர்களுக்குத் தங்கள் நாட்டில் ரோமானிய இடிபாடுகள் நிறைந்த மெரிடா ஞாபகம் வந்ததாம். அந்தப் பெயரையே வைத்தார்கள். பிறகு அந்தக் கட்டடங்களைப் பிரித்து அதே கல்லில் தேவாலயமும் வீடுகளும் கட்டினார்கள். கல்குவாரி தேடிப் போகவேண்டிய அவசியமே இல்லை, செதுக்கின கல் காலடியிலேயே கிடந்தது.

சதுக்கத்தின் தெற்குப் பக்கம் மொன்தேகோ குடும்பத்தின் மாளிகை. முகப்பு 1549-ஐ ஒட்டியது. வாசலுக்கு மேலே இரண்டு பக்கமும் ஈட்டிக் கோடாரி பிடித்த வீரர் சிலைகள். அவர்கள் காலடியில் வாய் பிளந்து அலறும் தலைகள். யார் தலை என்று பலகை எதுவும் வைக்கத் தேவையில்லை.

இன்னொரு விஷயம் எனக்குப் புதுசு. மெரிடாவுக்குப் பத்து வருஷம் முன்பே, 1530-களில், இதே மொன்தேகோ சிச்சென் இட்சாவிலேயே ஒரு ஸ்பானிய நகரம் தொடங்கியிருக்கிறார். 'ராஜ நகரம்' என்று பெயர். சுற்றியிருந்த மாயாக்கள் முற்றுகையிட்டு விரட்டிவிட்டார்கள். அந்த முற்றுகை தோற்றிருந்தால் இன்றைக்கு சிச்சென் இட்சா ஆரஞ்சு நிறத்திலும், மெரிடா பச்சையிலும் இருந்திருக்கும்.

"எங்க தாத்தா மட்டும்?"

இரண்டாம் நாள் உஷ்மால். மெரிடாவிலிருந்து தெற்கே சுமார் 80 கிலோமீட்டர். மூலைகள் வளைந்த அந்த மந்திரவாதிப் பிரமிடு சுமார் 35 மீட்டர் உயரம். பக்கத்தில் ஆறு கிடையாது, அந்தப் பிரதேசத்தின் கிணறு போன்ற 'செனோத்தே' பள்ளங்களும் கிடையாது. மழைநீரைத் தரைக்கடியில் தொட்டி வெட்டிச் சேமித்துத்தான் ஒரு பெரிய நகரமே வாழ்ந்திருக்கிறது. சுவரெல்லாம் வளைந்த மூக்கோடு மழைக் கடவுள் சாக்கின் முகம், வரிசை வரிசையாக. தண்ணீர் இல்லாத ஊரில் அந்த முகம் ஏன் அத்தனை தடவை என்று கேட்கவே வேண்டாம்.

மதியச் சாப்பாட்டின்போது என் பழைய ஆசை தலை தூக்கியது. வழிகாட்டியிடம் மயன் கதையைச் சொன்னேன். உற்சாகமாகத்தான் சொன்னேன். அவருக்கு ஐம்பத்தைந்து வயசு இருக்கும். வயாதோலித் பக்கத்தில் ஒரு கிராமம். வீட்டில் பேசுவது மாயா மொழி, ஸ்பானிஷ் பள்ளிக்கூடத்தில் கற்றது, ஆங்கிலம் சுற்றுலாப் பயணிகளிடம் கற்றது. அம்மாவின் அம்மாவுக்குச் சாகும்வரை ஸ்பானிஷ் தெரியாதாம்.

முழுசாகக் கேட்டுக்கொண்டார். டார்ட்டியாவை மடித்து வாயில் போட்டு, மென்று முடித்துவிட்டுச் சொன்னார்.

"ஒருத்தர் வந்து அட்லாண்டிஸ்காரங்க கட்டினாங்கன்னு சொன்னார். ஒரு குழு இஸ்ரேலிலேருந்து தொலைஞ்சுபோன இனம்னு சொன்னாங்க. வேற்று கிரகம்னு வாரத்துக்கு ஒருத்தராவது சொல்லுவாங்க. இந்தியான்னு சொல்ற முதல் ஆள் நீங்கதான். எல்லார் தாத்தாவும் இங்க வந்து கட்டியிருக்காங்க. எங்க தாத்தா மட்டும் அப்போ என்ன பண்ணிட்டிருந்தாராம்?"

கோபமே இல்லை, சிரித்துக்கொண்டுதான் கேட்டார். மேசையில் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் மனைவி மட்டும் சிரிக்காமல் என்னைப் பார்த்தாள். அன்றைக்கு ராத்திரி தூக்கம் சரியாக வரவில்லை.

இந்தக் கேள்வி பழசு என்பது பிறகுதான் உறைத்தது. ஜான் லாயிட் ஸ்டீபன்ஸ் என்ற அமெரிக்க வழக்கறிஞரும், பிரடெரிக் கேதர்வுட் என்ற ஆங்கிலேய ஓவியரும் 1839 முதல் 1842 வரை இரண்டு தடவை இந்த இடிபாடுகளைச் சுற்றினார்கள். இருவருமே அதற்கு முன் எகிப்தைப் பார்த்தவர்கள். இது எகிப்து சாயல் இல்லை, வேறெந்த நாட்டின் நகலும் இல்லை, இன்று இங்கே வாழும் மக்களின் முன்னோர்தான் கட்டினார்கள் என்று ஸ்டீபன்ஸ் 1841-லேயே எழுதிவிட்டார். நியாயமாகப் பார்த்தால் விவாதம் அங்கேயே முடிந்திருக்க வேண்டும்.

முடியவில்லை. 1875-ல் சிச்சென் இட்சாவில் சாக் மூல் சிலையைத் தோண்டி எடுத்த லெ ப்ளோன்ஜான், மாயாதான் எகிப்து நாகரிகத்துக்கே தாய் என்று ராணி 'மூ' கதையெல்லாம் சேர்த்து எழுதினார். 1940-ல் நம்ம சமன் லால் 'ஹிந்து அமெரிக்கா' என்று ஒரு புத்தகமே போட்டார். அந்த வரிசையில் கடைசியில், ஒரு ஓரமாக, என் கட்டுரை.

ஒரு சின்ன விஷயத்தைக்கூட நான் அப்போது சரிபார்க்கவில்லை. அந்த மக்களின் பெயர் 'மாயா'. 'மாயன்' என்பதில் வரும் 'ன்' ஆங்கிலம் சேர்த்த விகுதி. இந்தியா, இந்தியன் மாதிரி. அதுவும் 'மாயா' என்பது யுகடான் வட்டாரத்துப் பெயர். தெற்கே திக்கால், பலெங்கே என்று தனித்தனி அரசுகளாக இருந்தவர்கள் எல்லாருக்கும் சேர்த்து அதைப் போட்டது பிற்கால அறிஞர்கள். ஆக நான் மயனோடு பொருத்திப் பார்த்தது ஒரு ஆங்கில விகுதியை.

மனியில் ஒரு தீ

பெயரை விடுங்கள். யார் கட்டினார்கள் என்பதற்கு அதைவிட நேரான சாட்சி இருக்கிறது. கல்லிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் அதை நாலு நூற்றாண்டு யாராலும் படிக்க முடியாமல் போனது. அதற்குக் காரணமானவரும், பிறகு படிக்க முடிந்ததற்குக் காரணமானவரும் ஒரே ஆள்.

தியேகோ தெ லாண்டா. 1524-ல் ஸ்பெயினில் பிறந்து, 1549-ல் யுகடானுக்கு வந்த பிரான்சிஸ்கன் துறவி. மாயா மொழியை நன்றாகக் கற்றவர். மாயாக்களைக் கசக்கிப் பிழிந்த ஸ்பானிய நில முதலாளிகளை எதிர்த்தவரும்கூட. அதையும் சொல்லித்தான் ஆகணும். 1562-ல் மனி என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு குகையில் சிலைகளும் மண்டை ஓடுகளும் கிடைத்தன. ஞானஸ்நானம் வாங்கிய மக்கள் ரகசியமாகப் பழைய வழிபாட்டைத் தொடர்கிறார்கள் என்று தெரிந்ததும் லாண்டா விசாரணையில் இறங்கினார். விசாரணை என்றால், கையைக் கட்டித் தொங்கவிட்டு, காலில் கல்லைக் கட்டி, சவுக்கால் அடித்து. பிறகு எடுத்த கணக்குப்படி, சித்திரவதைக்கு ஆளானவர்கள் 4500-க்கும் மேல். அதில் இறந்தவர்கள் 150-க்கும் மேல்.

அந்த ஆண்டு ஜூலை 12 அன்று மனியில், மடாலயத்தின் முன்னால், சிலைகளோடு சேர்த்து மாயா எழுத்தில் இருந்த புத்தகங்களையும் கொளுத்தினார்கள். மரப்பட்டையில் செய்த தாள், மேலே சுண்ணாம்புப் பூச்சு, விசிறி மடிப்பு. லாண்டாவே பிற்பாடு இதை எழுதியிருக்கிறார். அதில் சாத்தானின் பொய்யைத் தவிர வேறொன்றும் இல்லை, அதனால் எரித்தோம், அந்த மக்கள் இதற்கு இவ்வளவு வருந்தியது ஆச்சரியமாக இருந்தது என்கிற பொருளில். அந்த ஆச்சரியம்தான் எனக்கு எரித்ததைவிடக் கொடுமையாகப் பட்டது.

இன்று உலகம் முழுக்கத் தேடினாலும் மிஞ்சியிருக்கும் மாயா புத்தகங்கள் நான்கு. டிரெஸ்டன், மாட்ரிட், பாரிஸ் நகரங்களில் ஒவ்வொன்று. நான்காவது மெக்சிகோவில், அது போலியா அசலா என்று நீண்ட நாள் சண்டை நடந்து, சமீபத்தில்தான் அசல் என்று ஒப்புக்கொண்டார்கள்.

மனி எங்கள் திட்டத்தில் பச்சையிலும் இல்லை, ஆரஞ்சிலும் இல்லை. நான் கேட்டுக்கொண்டதால் உஷ்மாலிலிருந்து திரும்பும் வழியில் வேனைத் திருப்பினார் வழிகாட்டி. மற்ற பத்துப் பேரும் முகம் சுளிக்காமல் சம்மதித்தார்கள், நல்ல மனுஷங்க. மடாலயம் அப்படியே நிற்கிறது. முன்னால் புல்வெளி. ஒரு பையன் சைக்கிளில் வட்டம் போட்டுக்கொண்டிருந்தான். பத்து நிமிஷம் நின்றோம், பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை.

அடுத்த நாள் இசமால். ஊர் முழுக்க மஞ்சள் வண்ணம். நடுவில் லாண்டாவின் பொறுப்பில் எழும்பி 1561-ல் முடிந்த மடாலயம். ஏறிப் போவதற்குச் சரிவுப் பாதை. ஏன் ஏறணும்? ஏனென்றால் அது ஒரு மாயா பிரமிடின் மேடை. மேலே இருந்ததைப் பிரித்து, மேடையை மட்டும் வைத்துக்கொண்டு, அந்தக் கல்லிலேயே மடாலயம் கட்டியிருக்கிறார்கள். நடைக்கூடத்தில் நின்று பார்த்தால் வடக்கே இன்னொரு பிரமிடு, கினிச் காக் மோ, ஊருக்கு நடுவே குன்று மாதிரி. ஆரஞ்சு நிறத்து ஊரின் வயிற்றுக்குள் பச்சை. மடாலயத்துக்கு வெளியே லாண்டாவுக்குச் சிலையும் இருக்கிறது.

எலே, எ, லே

மனி சம்பவத்துக்குச் சில வாரம் கழித்து வந்து சேர்ந்த ஆயர் தோரால், இந்த விசாரணை அத்துமீறல் என்று நிறுத்தினார். லாண்டா தன் தரப்பைச் சொல்ல ஸ்பெயினுக்குப் போகவேண்டி வந்தது. அங்கே இருந்தபோது, சுமார் 1566-ல், யுகடானைப் பற்றி ஒரு விரிவான நூல் எழுதினார். பயிர், வீடு, சடங்கு, நாட்காட்டி என்று எல்லாம். கூடவே மாயா 'எழுத்துகள்' என்று ஒரு பட்டியல். பிறகு விடுதலையாகி, அதே யுகடானுக்கு ஆயராகத் திரும்பி வந்து, 1579-ல் இறந்தார். நூல் காணாமல் போனது. சுருக்கிய ஒரு பிரதி மாட்ரிடில் தூங்கிக்கொண்டிருந்ததைப் பிரெஞ்சுப் பாதிரியார் பிராஸர் தெ பூர்பூர் கண்டுபிடித்து 1864-ல் பதிப்பித்தார்.

பட்டியல் கையில் கிடைத்ததும் ஆளாளுக்குக் கல்வெட்டில் பொருத்திப் பார்த்தார்கள். எதுவும் படியவில்லை, குப்பைதான் வந்தது. லாண்டா உளறியிருக்கிறார் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

இந்த இடம் என் தொழில் சம்பந்தப்பட்டது. 2000-வாக்கில் இணையத்தில் தமிழ் படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும்: திஸ்கியில் எழுதிய மின்னஞ்சலை வேறு எழுத்துருவில் திறந்தால் கட்டம் கட்டமாக வரும். மடல் சரியாகத்தான் இருக்கும், திறக்கும் முறைதான் தப்பு. லாண்டாவின் பட்டியலுக்கும் அதே கதிதான்.

நடந்தது இதுதான். லாண்டா ஸ்பானிய அகரவரிசையை வைத்துக்கொண்டு, பக்கத்தில் இருந்த மாயா அறிஞரிடம் "இதை எப்படி எழுதுவீங்க?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டிருக்கிறார். காஸ்பர் அந்தோனியோ சி என்ற மொழிபெயர்ப்பாளர் இதில் அவருக்கு உதவியவர்களில் ஒருவர் என்கிறார்கள். இப்போது ஒரு வெள்ளைக்காரர் உங்களிடம் வந்து "கே-யைத் தமிழில் எப்படி எழுதுவது?" என்று கேட்டால் என்ன செய்வீர்கள்? 'கே' என்று எழுதிக் காட்டுவீர்கள். அவர் கேட்டது 'க்' என்ற ஒலியை. நீங்கள் கொடுத்தது உயிர்மெய். தப்பு உங்கள் மேல் இல்லை, அவர் மேலும் இல்லை.

லாண்டா 'பே' என்று கேட்டார். அது ஸ்பானிய எழுத்தின் பெயர். மாயா மொழியில் 'பே' என்றால் பாதை. அவர் இரண்டு கோட்டுக்கு நடுவே ஒரு காலடித் தடத்தை வரைந்து கொடுத்தார்.

இன்னும் வேடிக்கை. சுருக்குக் கயிறுக்கு மாயாவில் 'லே'. அதை எழுத்துக்கூட்டிக் காட்ட லாண்டா முதலில் எழுத்துப் பெயர்களையும் பிறகு சொல்லையும் சொல்கிறார்: "எலே, எ, லே". அந்த மனிதர் காதில் விழுந்த அத்தனையையும் எழுதிவிட்டார்: எ, லே, எ, லே. கடைசியில் ஏதாவது ஒரு வாக்கியம் எழுதுங்கள் என்றதும் அவர் எழுதியதாக லாண்டா பதிந்திருப்பது, 'எனக்கு விருப்பமில்லை' என்று பொருள்படும் வாக்கியம். அதைப் படித்து நான் சத்தமாகச் சிரித்தேன். அப்புறம், எந்தச் சூழ்நிலையில் அவர் அங்கே உட்கார்ந்து எழுதியிருப்பார் என்று நினைத்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

சரியான முறையில் திறந்தவர் யூரி க்னோரோசோவ். சோவியத் ஆராய்ச்சியாளர், 1922-ல் கார்கிவ் பக்கம் பிறந்தவர். 1952-ல் வெளியிட்ட கட்டுரையில், லாண்டாவின் பட்டியல் தனி எழுத்துகள் அல்ல, அசைகள் என்றார். நம் மொழியில் சொன்னால், மெய் என்று நினைத்ததெல்லாம் உயிர்மெய். டிரெஸ்டன் புத்தகத்தில் வான்கோழிப் படத்துக்கு மேலே இரண்டு குறிகள்: 'கு', 'ட்ஸு'. வான்கோழிக்கு மாயாவில் 'குட்ஸ்'. நாய்ப் படத்துக்கு மேலே 'ட்ஸு', 'லு'. நாய்க்கு 'ட்ஸுல்'. இரண்டு சொல்லிலும் 'ட்ஸு' ஒரே குறி. கடைசி உகரம் எழுத்தில் உண்டு, உச்சரிப்பில் இல்லை. 'பஸ்ஸு', 'காரு' என்று எழுதிவிட்டு அந்த 'உ'வை விழுங்கிப் படிப்பது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுத்து முழுக்க அசைகளும் இல்லை. ஒரு முழுச் சொல்லுக்கே ஒரு குறி என்ற முறையும் கலந்து வரும்.

பனிப்போர்க் காலம். பிரிட்டனின் எரிக் தாம்சன் அன்று மாயா ஆய்வின் பீஷ்மர். அவர் இதைக் கம்யூனிஸ்ட் பிரச்சாரமாகப் பார்த்து ஒதுக்கினார். 1975-ல் சாகும்வரை ஒப்புக்கொள்ளவில்லை. க்னோரோசோவோ லெனின்கிராடில் உட்கார்ந்து, ஒரு பிரமிடைக்கூட நேரில் பார்க்காமல், இதைச் செய்தவர். மாயா நிலத்தில் அவர் முதன்முதலில் கால் வைத்தது 1990-ல். இறந்தது 1999-ல்.

இதில் நமக்கு உண்மையான ஒரு தொடர்பு இருக்கிறது. நான் ஒன்பது வருஷம் முன்பு தேடியிருக்க வேண்டிய தொடர்பு. இதே க்னோரோசோவ் 1960-களில் ஒரு குழுவோடு சேர்ந்து சிந்து சமவெளி எழுத்தைக் கணிப்பொறி கொண்டு ஆராய்ந்தார். அதன் அமைப்பு திராவிட மொழிகளோடு பொருந்துகிறது என்று அவர்கள் 1965-ல் சொன்னார்கள். ஆனால் சிந்து எழுத்துக்கு ஒரு லாண்டா கிடைக்கவில்லை. மாயாவுக்கு இருந்த இரண்டு வசதிகள், அதாவது தப்பும் தவறுமாகவாவது ஒரு பட்டியல், இன்றும் பேசப்படும் மொழி இன்னதுதான் என்ற நிச்சயம், இரண்டுமே அங்கே இல்லை. அதனால்தான் அறுபது வருஷம் கழித்தும் அது பூட்டியே கிடக்கிறது.

கல் பேசும் மொழி

எழுத்து திறந்ததும் என்ன தெரிந்தது? தாம்சன் தலைமுறை, கல்வெட்டுகளில் நேரக் கணக்கும் வானியலும்தான் இருக்கிறது என்று நம்பியது. 1960-ல் தத்தியானா ப்ரோஸ்கூரியகாஃப், பியெத்ராஸ் நெக்ராஸ் கல்தூண்களில் உள்ள தேதிகள் அரசர்களின் பிறப்பு, முடிசூட்டு, இறப்பு என்று காட்டினார். பிறகு பெயர்கள், போர்கள், திருமணங்கள் என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தன.

என் கட்டுரைக்கு வேட்டு வைத்தது அதைவிட எளிமையான விஷயம். கல்லில் இருப்பது மாயா மொழிதான். கல்வெட்டில் சிறுத்தைக்கு, அதாவது ஜாகுவாருக்கு, 'ப-ல-ம' என்று மூன்று அசை. வாசிப்பது 'பலம்'. வயாதோலித் போகும் வழியில் வழிகாட்டியிடம் ஜாகுவாருக்கு உங்கள் மொழியில் என்ன என்று கேட்டேன். "பாலம்" என்றார். சூரியன்? "கீன்." கல்வெட்டில் 'கின்'. ஆயிரத்து இருநூறு வருஷத்துக்கு முந்தைய கல்லில் இருக்கும் சொல், வேன் ஓட்டுநருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த மனிதர் வாயில் இருக்கிறது. யார் கட்டினார்கள் என்று இதற்கு மேல் யாரிடம் போய்க் கேட்பது?

சிச்சென் இட்சாவைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், நான் சுருக்குகிறேன். நான்கு பக்கமும் 91 படி, மேலே ஒன்று, ஆக 365. இப்போது ஏற விடுவதில்லை. எனக்குப் பிடித்தது கண்ணுக்குத் தெரியாத ஒன்று. அந்தப் பிரமிடுக்குள் முழுசாக இன்னொரு பழைய பிரமிடு இருக்கிறது, உள்ளே சிவப்பு வண்ணத்தில் ஜாகுவார் வடிவ ஆசனம். பழசின் மேல் புதுசைக் கட்டுவது ஸ்பானியர் கொண்டுவந்த பழக்கம் இல்லை, மாயாக்களும் செய்ததுதான். ஆனால் இங்கே பழசு உள்ளே பத்திரமாக இருந்தது.

கடைசி ஊர் வயாதோலித். 1545-ல் 'ஸசி' என்ற மாயா ஊரின் மேல் நிறுவியது. ஆரஞ்சு நாள். குழுவில் ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியை அங்கே கேட்டார்: "அப்புறம் மாயாக்கள் எங்கேதான் மறைஞ்சு போனாங்க?"

தெற்கில் இருந்த பெரிய நகரங்கள் ஒன்பதாம் நூற்றாண்டில் வரிசையாகக் காலியானது உண்மை. வறட்சி, போர் என்று பல காரணம் சொல்கிறார்கள். ஆனால் நகரம் காலியானால் மக்கள் காலி என்று அர்த்தமா? கடைசி சுதந்திர மாயா அரசு, பெத்தேன் ஏரித் தீவில் இருந்த நோஹ்பெத்தேன், ஸ்பானியர் கையில் விழுந்தது 1697 மார்ச் 13-ல். மெரிடா நிறுவி 155 வருஷம் கழித்து. அதோடும் முடியவில்லை. 1847 ஜூலையில் இதே வயாதோலித்தில் மானுவேல் அந்தோனியோ ஆய் என்ற மாயா தலைவரைச் சுட்டுக் கொன்றதும் தொடங்கிய போர், தீபகற்பத்தின் பெரும்பகுதியை மாயாக்கள் கைக்குக் கொண்டுபோனது. கிழக்குக் காடுகளில் சான் சாந்தா க்ரூஸ் என்ற தலைநகர் வைத்து, மெக்சிகோ ராணுவம் 1901-ல் நுழையும்வரை தாங்களே ஆண்டார்கள். 2020 கணக்கெடுப்பில் மெக்சிகோவில் யுகடான் மாயா பேசுபவர்கள் ஏழே முக்கால் லட்சம் பேர்.

வழிகாட்டி இதெல்லாம் சொல்லவில்லை. ஆசிரியையிடம், "மறையல மேடம். பஸ்ஸுல இடம் கிடைக்காம நின்னுட்டு வர்றோம்" என்றார்.

கடைசி நாள் காலை அவரிடம் கேட்டேன், உங்கள் மொழியில் சௌக்கியமா என்று எப்படிக் கேட்பீர்கள் என்று. "பிஷ் அ பேல்" என்றார். மூன்று தடவை சொல்ல வைத்தார். "நேரடியா சொன்னா, உன் பாதை எப்படி இருக்கு?"

பே. பாதை. லாண்டா கேட்டு, அந்த மனிதர் இரண்டு கோட்டுக்கு நடுவே ஒரு காலடி வரைந்து கொடுத்த அதே சொல். எனக்கு அடுத்த வார்த்தை வரவில்லை. "மாலோப்" என்று பதில் சொல்லணும், நல்லா இருக்கு என்று அர்த்தம், அதையும் அவரே சொல்லிக்கொடுத்தார்.

ஊர் திரும்பிய அன்றே பழைய கட்டுரையை நீக்கிவிட உட்கார்ந்தேன். நீக்கவில்லை. தப்பாக எழுதியதும் இருக்கட்டும், இன்னொருத்தர் எந்த இடத்தில் சறுக்கினான் என்று பார்க்க உதவும். மேலே சிவப்பு எழுத்தில் ஒரு வரி மட்டும் சேர்த்திருக்கிறேன்: இது தவறு, கட்டியவர்கள் யார் என்று அந்தச் சுவரிலேயே எழுதியிருக்கிறது.

வாட்ஸப்பில் சுற்றுவதை என்னால் திருத்த முடியாது. உங்களுக்கு வந்தால், இதையும் சேர்த்து அனுப்புங்கள். இந்தத் தடவை எங்கேயாவது பிழை இருந்தாலும் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன்.